2038இல் மெட்ராஸ் டைமுக்குத் திரும்பும் கடிகாரங்கள்

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. தை பிறந்து ஐந்தாறு நாள் ஆகியிருக்கும். காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி வரை ஒழுங்காக ஓடிய ஒரு பழைய 32 பிட் லினக்ஸ் பெட்டி, அடுத்த வினாடியில் 1901 டிசம்பர் 14, அதிகாலை 2 மணி 7 நிமிடம் 2 வினாடி என்று காட்டும். 1901 என்பது ஐடி ஆட்களுக்குத் தெரிந்த பழைய செய்திதான். எனக்குப் பிடித்தது அந்த 2 மணி 7 நிமிடம் 2 வினாடி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும் நம் வழக்கமான கணக்குப்படி அது 2 மணி 15 நிமிடம் 52 வினாடியாக இருக்கவேண்டும். நடுவில் 8 நிமிடம் 50 வினாடியைக் காணோம்.

அது நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வகம் கட்டியது. மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று அங்கிருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் நிர்ணயித்தார். பின்னால் ரயில் வந்தபோது பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று அட்டவணை போட முடியாமல், இரண்டுக்கும் நடுவில் விழுந்த மெட்ராஸ் டைமையே ரயில்வே எடுத்துக்கொண்டது. ஐந்தரை மணி நேரக் கணக்கு, அதாவது இன்றைய ஐஎஸ்டி, நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1 அன்று. வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது.

அந்தச் சரித்திரம் முழுக்க நம் போனுக்குள்ளும் இருக்கிறது. உலகத்தில் எந்த ஊரில் எப்போது எந்த நேரம் புழங்கியது என்பதற்கு ஒரு பொது அட்டவணை உண்டு. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, மேக் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் இந்தியாவுக்கான பதிவின் பெயர் 'ஆசியா/கொல்கத்தா'. ஆனால் 1870இலிருந்து 1905 முடியும் வரை எந்தத் தேதியைக் கேட்டாலும் அது எம்எம்டி என்ற குறியோடு 5 மணி 21 நிமிடம் 10 வினாடியைக் கூட்டிச் சொல்லும். மெட்ராஸ் மீன் டைம். கோல்டிங்ஹாமின் அளவோடு 4 வினாடி இடிக்கிறது. மெட்ராஸின் தீர்க்கரேகையைப் பிற்பாடு திருத்தியிருக்கிறார்கள். (போர்க்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததும் அதே பதிவில் இருக்கிறது. 1945 அக்டோபரில்தான் பழையபடி ஆனது.) பெயர் கொல்கத்தாவுக்கு, உள்ளடக்கம் மெட்ராஸுக்கு. இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஏன் 1901? யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகளுக்கு நாள், மாதம், வருடம் என்று எதுவும் தெரியாது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்ற ஒரே எண்தான் தெரியும். அந்தத் தொடக்கப் புள்ளியைத்தான் எபாக் என்கிறோம். இந்தியாவில் அந்த நொடி காலை ஐந்தரை மணி. தேதி தெரியாத ஒரு போட்டோவோ மெசேஜோ '01-01-1970 05:30' என்று காட்டியதை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அது பூஜ்ஜியம்தான், கணினி தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை இந்திய நேரத்தில் சொல்கிறது. பழைய கருவிகள் இந்த எண்ணை 32 பிட்டில் வைத்தன. அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்கே போய்விடும். மீதி 31 பிட்டில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் எண்ணலாம். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் குறி மாறி, 1970க்கு முன்னால் அதே அளவு தூரம் போய் 1901இல் விழும்.

இந்த 2038 கதை போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2036 பிப்ரவரி 7 வியாழக்கிழமை, பகல் 11 மணி 58 நிமிடம் 16 வினாடிக்கு இன்னொன்று இருக்கிறது. ஊரில் உள்ள கணினிகளையெல்லாம் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருகிற என்டிபி என்ற ஏற்பாட்டின் எண்ணிக்கை அன்று பூஜ்ஜியமாகும். தமிழ்க் கணக்கில் அது ராட்சச வருடம். பயப்படவேண்டாம், பெயர்தான் அப்படி.

அந்த வருடப் பெயர்களை வைத்தே விஷயத்தைச் சொல்லிவிடலாம். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்; முடிந்ததும் மறுபடி பிரபவ. 'விசுவாவசு வருடத்தில் பிறந்தவர்' என்றால் 1965ஆ, 2025ஆ? பெயர் மட்டும் சொல்லாது. ஆனால் அவரைக் கண்ணால் பார்த்தால் சந்தேகம் வராது. தொட்டிலில் கிடக்கிறாரா, பென்ஷன் வாங்கப் போகிறாரா என்பது தெரிந்துவிடும். சுற்று எது என்பது எண்ணுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. எண்ணிக்கை ஒரு சுற்று முடிவதைத் திருக்கடையூருக்குப் போய் இன்னொரு முறை தாலி கட்டிக் கொண்டாடுகிற ஊர்க்காரர்கள் நாம். அறுபதில் திரும்பி வருவதை யாரும் இங்கே கோளாறாக நினைத்ததில்லை.

கஷ்டம் வந்தது கல்வெட்டு படிப்பவர்களுக்கு. வெறும் வருடப் பெயர், கிழமை, நட்சத்திரம் என்று வெட்டிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அது எந்தச் சுற்று? எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை நாள்நாளாகக் கணக்கிட்டு 1922இல் வெளியிட்ட 'அன் இந்தியன் எஃபிமெரிஸ்' தொகுதிகள் இதற்காகத்தான் இன்றும் புரட்டப்படுகின்றன. கிழமையும் திதியும் நட்சத்திரமும் சேர்ந்து பொருந்துகிற வருடம்தான் சரியான சுற்று.

இனி என்டிபி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மில்ஸ் வடிவமைத்தது, 1985இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் டைம்ஸ்டாம்ப் 64 பிட். முதல் 32 பிட்டில் 1900 ஜனவரி 1லிருந்து ஆன வினாடிகள். அடுத்த 32 பிட்டில் வினாடியின் பின்னம். பின்னப் பகுதியில் மில்ஸ் தாராளமாக இருந்தார்: அதன் கடைசிப் படி சுமார் 233 பிக்கோ வினாடி, அதற்குள் ஒளியே ஏழு சென்டிமீட்டர்தான் போகும். வினாடிப் பகுதியில் அந்தத் தாராளம் இல்லை. குறிக்கு பிட் ஒதுக்காததால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வினாடி, அதாவது 136 வருடம் கிடைக்கிறது. 1900இல் தொடங்கியது 2036இல் முடிகிறது.

முடிந்தால் என்ன ஆகும்? என்டிபி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், ஒன்றும் ஆகக்கூடாது. உங்கள் கணினி கேள்வியை அனுப்பும்போது தன் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. சர்வர் அது வந்த நேரத்தையும் பதில் அனுப்பிய நேரத்தையும் குறிக்கிறது. பதில் வந்து சேர்ந்ததும் உங்கள் கணினி நான்காவதாக ஒரு நேரத்தைக் குறிக்கிறது. இந்த நான்கிலும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இரண்டு வித்தியாசங்களின் சராசரியை எடுத்தால், கடிகாரம் எவ்வளவு தப்பு என்பது தெரியும். 'மணி என்ன' என்று என்டிபி கேட்பதே இல்லை. 'நமக்குள் வித்தியாசம் எவ்வளவு' என்றுதான் கேட்கிறது.

எல்லாம் கழித்தல் என்பதால்தான் சுற்று மாறுவது பாதிக்காது. உங்கள் கணினி சுற்று முடிய இரண்டு வினாடி இருக்கும்போது 4294967294 என்று குறித்து அனுப்புகிறது. ஐந்து வினாடி முந்தி ஓடும் சர்வரில் புதுச் சுற்று தொடங்கி 3 ஆகிவிட்டது என்று வையுங்கள். 3லிருந்து 4294967294ஐ 32 பிட்டுக்குள்ளேயே கழித்துப் பாருங்கள். மேலே கடன் வாங்க இடம் இல்லாததால் விடை 5 என்று வரும். சரியான விடை அதுதான். இரண்டு கடிகாரமும் 68 வருடத்துக்கு மேல் விலகாதவரை இது தவறாது. தவறு எங்கே நுழையும் என்றால், கழிப்பதற்கு முன்னாலேயே எண்ணைப் பெரிதாக்கி, தசம எண்ணாக மாற்றி, அழகாக வைத்துக்கொண்டு, பிறகு கழிப்பவர்களிடம். அவர்களுக்கு 5 வராது, மைனஸ் 429 கோடி வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டைம்ஸ்டாம்ப் எழுதுபவர்கள் ரசிப்பார்கள். என்டிபி எண்ணை யூனிக்ஸ் எண்ணாக மாற்ற, 1900க்கும் 1970க்கும் இடையிலான 220 கோடியே 89 லட்சத்து 88 ஆயிரத்து 800 வினாடியைக் கழிக்கவேண்டும். இந்த எண் எங்கள் வட்டாரத்தில் பலருக்கு மனப்பாடம். 2036இல் எண்ணிக்கை பூஜ்ஜியமாகும் நொடியில், 1990களில் யாரோ எழுதிப் போட்ட 32 பிட் நிரல் பூஜ்ஜியத்திலிருந்து இதைக் கழித்தால், எண் தானாகவே சுற்றி 208 கோடியே 59 லட்சத்து 78 ஆயிரத்து 496 என்று விழும். யூனிக்ஸ் கணக்கில் அது அச்சாக 2036 பிப்ரவரி 7, பகல் 11:58:16. யாரும் யோசிக்காமலே சரி! '2038 பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம்' என்று எல்லாவற்றையும் 64 பிட்டுக்கு மாற்றிய புது நிரலில் அதே கழித்தல் சுற்றாமல் உண்மையாகவே எதிர்மறைக்குப் போய், 1900 ஜனவரி 1 என்று சொல்லும். அதை இந்திய நேரத்தில் காட்டச் சொன்னால் காலை 5:21:10. திரும்பவும் மெட்ராஸ் டைம். ஒழுங்காகச் சுத்தம் செய்தவனுக்கு 2036இல் அடி, சுத்தம் செய்யாதவனுக்கு 2038இல் அடி.

அதனால்தான் நல்ல மென்பொருட்கள் சுற்றை வெளிப்படையாகக் கையாளுகின்றன. என்டிபியின் 2010ஆம் வருட விதிமுறையில் சுற்று எண்ணுக்கென்றே தனி இடம் வைத்த 128 பிட் வடிவம் ஒன்று இருக்கிறது. ஆனால் கம்பியில் போவது இன்றும் அந்த 64 பிட் வடிவம்தான். அதில் சுற்று எண் கிடையாது. ஆகவே வாங்குபவர்தான் ஊகிக்கவேண்டும். எளிய கருவிகளுக்கு ஒரு விதி உண்டு: முதல் பிட் 1 என்றால் 1968இலிருந்து 2036 வரை, 0 என்றால் 2036இலிருந்து 2104 வரை. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் குரோனி இன்னும் நிதானமாகச் செய்கிறது. தான் தயாரிக்கப்பட்ட தேதிக்கு 50 வருடம் முன்னாலிருந்து 136 வருடத்துக்கு ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறது. வந்த எண் அந்தச் சட்டத்துக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் சட்டமும் நகர்கிறது. எனக்கு இந்தத் தீர்வு ரொம்பப் பிடிக்கும்.

பெரிய எண்ணைத் தூக்கிச் சுமக்காமல் அருகில் ஒரு தொடக்கப் புள்ளி வைத்துக்கொள்ளும் இந்த யோசனை இங்கே ரொம்பப் பழசு. 'வேதத்திலேயே என்டிபி இருக்கிறது' என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள். நான் சொல்வது வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களின் கணக்கு மட்டும். கலியுகத் தொடக்கம் என்று அவர்கள் வைத்திருக்கும் கி.மு. 3102 பிப்ரவரி 18லிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே வந்தால் இன்றைக்கு 18 லட்சத்து 72 ஆயிரத்தைத் தாண்டுகிறது. சந்திரனின் இடத்தைக் கணிக்க ஒவ்வொரு முறையும் இவ்வளவு பெரிய எண்ணோடு மல்லுக்கட்ட முடியாது. எனவே முதலில் 16,00,984ஐக் கழித்துவிடுகிறார்கள். கி.பி. 1282இல் விழுகிற ஒரு நாள் அது. மீதியை 12,372ஆல் வகுத்து மிச்சம், அதை 3,031ஆல் வகுத்து மிச்சம், அதை 248ஆல் வகுத்து மிச்சம். கடைசியில் கையில் நிற்பது 248க்குள் ஒரு சின்ன எண். அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் நிற்கும் இடம் வந்துவிடும். 248 நாளில் சந்திரன் பூமிக்கு அருகில் வருவதும் விலகுவதும் ஒன்பது சுற்று முடிகிறது. மற்ற இரண்டும் அதே சுற்றின் பெரிய மடங்குகள், மிச்சப் பிழையைச் சரிக்கட்ட.

இதை மனதிலேயே செய்துகாட்டிய ஒருவரைப் பற்றிய குறிப்பு அச்சில் இருக்கிறது. மெட்ராஸ் வானாய்வகப் பொறுப்பில் சில வருடம் இருந்த ஜான் வாரன், 1825இல் மெட்ராஸில் 'கால சங்கலித' என்ற புத்தகத்தைப் போட்டார். அந்த வருடம் மே 31, ஜூன் 1க்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைப் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, அட்டவணை எல்லாம் மனப்பாடத்திலிருந்து சொல்லி, வாரனின் கண்ணெதிரில் கணித்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்று வானியல் வரலாற்றாளர் ஓட்டோ நாய்கெபாவர் பிறகு ஆராய்ந்து எழுதினார். பிழை சேர்ந்துகொண்டே போனதும் உண்மை; வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சனிப்பெயர்ச்சி வேறு வேறு தேதியில் வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். என் ஆர்வம் துல்லியத்தில் இல்லை. சுற்றுகளால் எண்ணுபவர், சுற்றின் தொடக்கம் எது என்பதைச் சூத்திரத்தின் முதல் அடியிலேயே வைத்தார். ஒளித்து வைக்கவில்லை.

ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 அக்டோபர் 24 சாட்சி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை எண்ணுகின்றன, 1980 ஜனவரி 6லிருந்து. பழைய சிக்னலில் அதற்கு 10 பிட்தான். 1024 வாரத்தில், பத்தொன்பது வருடத்துக்குச் சற்று மேலே, பூஜ்ஜியமாகிவிடும். 1999 ஆகஸ்டில் ஒரு முறை ஆயிற்று, 2019 ஏப்ரலில் ஒரு முறை. இரண்டாவது முறை நியூயார்க் மாநகராட்சியின் வயர்லெஸ் வலை பல நாள் படுத்துவிட்டது. ஜிபிஎஸ் கருவியின் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஜிபிஎஸ்டி என்ற மென்பொருளை எழுதியவர்கள் இந்த ஆபத்து தெரிந்தவர்கள்தான். அதனாலேயே ஒரு பாதுகாப்பு போட்டார்கள். பூமியின் சுழற்சியோடு பொருந்த உலக நேரத்தில் சேர்க்கும் லீப் வினாடி அவ்வப்போது ஏறிக்கொண்டே வரும். ஜிபிஎஸ்சுக்கும் உலக நேரத்துக்கும் வித்தியாசம் அப்போது 18 வினாடி. 2022 முடிவதற்குள் அது 19 ஆகியிருக்கும். எனவே 18 என்று வைத்துக்கொண்டே எவனாவது 2180ஆவது வாரத்தைத் தாண்டினால் அவன் பொய் சொல்கிறான், 1024 வாரத்தைக் கழித்துவிடு. இதுதான் அந்த வரியின் சாரம்.

பூமி ஒத்துழைக்கவில்லை. கடைசி லீப் வினாடி 2016 டிசம்பர் 31இல் சேர்த்தது. இந்தியாவில் அது 2017 புத்தாண்டு காலை 5:29:60. அதன் பிறகு பூமியின் சுழற்சி லீப் வினாடி கேட்கவே இல்லை. 2181ஆவது வாரம் 2021 அக்டோபர் 24 அன்று பிறக்க இருந்தது. அந்த வரியோடு ஓடிய கடிகாரங்கள் அன்று 2002 மார்ச் 10க்குப் போயிருக்கும். ஆகஸ்டிலேயே திருத்தம் வந்தது, அமெரிக்க அரசின் சிசா அமைப்பும் எச்சரிக்கை விட்டது. இத்தனைக்கும் அந்த நாளில் ஜிபிஎஸ் எண்ணிக்கை எதுவும் சுற்றவே இல்லை. சுற்றுமோ என்று பயந்து போட்ட வரிதான் சுற்றவைத்தது.

ஜிபிஎஸ் போன்ற நம் நாவிக்குக்கும் இதே வாரக் கணக்குதான். இஸ்ரோ அதன் தொடக்கத்தை 1999 ஆகஸ்ட் 22 என்று வைத்தது, ஜிபிஎஸ்சின் முதல் சுற்று முடிந்த அதே நாள். அதனால் இரண்டும் ஒன்றாகவே சுற்றும். 2019 ஏப்ரல் 7 அதிகாலை ஒரு முறை சுற்றிவிட்டது. அடுத்தது 2038 நவம்பர் 21.

கடிகாரத்துக்குச் சுற்று தெரியாமல் போகும் இன்னொரு தருணம், கருவி கண் விழிக்கும் தருணம். எங்கள் அபார்ட்மெண்டில் நடந்தது இது. கொட்டிவாக்கத்தில் ஈசிஆருக்குக் கடல் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஏசி, கேட், ஸ்கூட்டர், அதற்குப் பிறகு சிசிடிவி டிவிஆருக்குள் இருக்கும் பட்டன் செல். ஒரு புயல் மழைக்குப் பிறகு கரண்ட் வந்ததும் அசோசியேஷன் செகரட்டரி மாமா போன் பண்ணினார்.

"தம்பி, கேமராவுல 1970னு காட்டுது. அப்ப இந்தக் கட்டடமே கிடையாதே!"

"மாமா, உள்ள இருக்கிற செல் போயிருக்கும். மாத்திட்டு, நெட்ல இருந்து டைம் எடுத்துக்கச் சொல்லிடலாம்."

"அது எப்படி எடுத்துக்கும்? மணியே தெரியாத ஆளு யார்கிட்ட போய்க் கேக்குறது?"

மாமா ரிட்டயர்டு ஆடிட்டர். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. இணையத்தில் பாதுகாப்பாகப் பேசச் சான்றிதழ் சரிபார்க்கவேண்டும். சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்றிருக்கும். 1970இல் விழித்த கருவிக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை. நேரம் தெரியாமல் பாதுகாப்பாகப் பேச முடியாது, பாதுகாப்பாகப் பேசாமல் நம்பத்தக்க நேரம் கிடைக்காது. பட்டன் செல்லே இல்லாத ராஸ்பெரி பை வகையறாக்களில் இதற்கு ஒரு எளிய தந்திரம் செய்திருக்கிறார்கள்: மணியை அவ்வப்போது ஒரு ஃபைலில் எழுதிவைத்துக்கொண்டே இருப்பது, விழித்ததும் அதைப் படிப்பது. கொஞ்சம் பின்தங்கியிருக்கும், ஆனால் சுற்று தப்பாது. இதைச் செய்யாத மலிவுக் கருவிகளில், சர்வரிலிருந்து வெற்றுப் பதில் வந்தால் பூஜ்ஜியத்தையே நேரமாக எடுத்துக்கொண்டு 2036 பிப்ரவரி 7 என்று காட்டும். மேலே சொன்ன கழித்தல் கணக்கின் விளைவு. வைஃபை சிப் வைத்து ஏதாவது செய்து பழகிய கல்லூரிப் பிள்ளைகள் இந்தத் தேதியைப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் டிவிஆரில் செல் மாற்றி, என்டிபி போட்டாயிற்று. தேதி வைக்கும் பக்கத்தில் வருடப் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தேன். 2037இல் நின்றது. வாங்கி ரொம்ப நாளாகவில்லை.

இந்தியாவில் நேரம் சட்ட விஷயமும்கூட. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி கம்பெனிகள், டேட்டா சென்டர்கள், அரசு அமைப்புகள் எல்லாம் தங்கள் கணினிகளின் கடிகாரங்களை என்ஐசியின் சமய் சர்வர்களோடோ, தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமான என்பிஎல்லின் சர்வரோடோ, அவற்றுக்குத் தொடர்பு காட்டக்கூடிய சர்வர்களோடோ பொருத்தவேண்டும். லாக்கை 180 நாள் வைத்திருக்கவேண்டும். ஒரு திருட்டோ ஊடுருவலோ நடந்தால் பத்து இடத்து லாக்கை வரிசைப்படுத்த ஒரே நேரம் வேண்டும் என்பதுதான் காரணம். ஓஎம்ஆரில் அந்த மாதம் எத்தனை மீட்டிங் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். சர்வர் பெயரை மாற்றியதோடு பல இடங்களில் வேலை முடிந்தது. மைக்ரோ வினாடிக்குச் சண்டை போட்ட யாரும், அந்த லாக்கில் வினாடி எத்தனை பிட்டில் எழுதப்படுகிறது என்று கேட்டு நான் பார்க்கவில்லை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். 2036இலும் 2038இலும் நேரம் ஒத்திசைக்கும் மென்பொருள் விழாது. அதை எழுதுபவர்கள் இருபது வருடமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னல் 2020இல் 5.6 பதிப்போடு 32 பிட் கருவிகளுக்கும் 64 பிட் நேரம் கொடுத்தது. 2025இல் வந்த டெபியன் 13, 32 பிட் ஆர்ம் போர்டுகளையும் மாற்றிவிட்டது. விழப்போவது அந்த நேரத்தை வாங்கி எங்காவது எழுதி வைக்கும் இடம். மைஎஸ்க்யூஎல்லில் 'டைம்ஸ்டாம்ப்' என்று அறிவித்த கட்டம் 2038 ஜனவரி 19க்கு மேல் ஏற்காது. பழைய முறையில் வடிவமைத்த டிஸ்க்கில் ஃபைலின் தேதிக்கும் அதே எல்லை. இதற்கு 2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். 2018இல் இருபது வருட வீட்டுக் கடன் வாங்கியவரின் கடைசி இஎம்ஐ ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1999இல் ஒய்2கே சிக்கலுக்காகக் கோபோல் வகுப்புக்கு ஓடிய தலைமுறை இப்போது ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது வேலை பெரிய கணினி அறைக்குள் இருந்தது. இம்முறை சுவரில் ஆணி அடித்து மாட்டிய பெட்டிகளில் இருக்கிறது: கேட், லிஃப்ட், வருகைப் பதிவு, மீட்டர்.

கையில் லினக்ஸ் இருப்பவர்கள் போலி நேரம் காட்டும் ஃபேக்டைம் என்ற கருவியைப் போட்டு உங்கள் நிரலை இந்த மூன்று தருணங்களில் ஓட்டிப் பாருங்கள்: 2036 பிப்ரவரி 7 பகல் 11:57, 2038 ஜனவரி 19 காலை 8:43, ஜிபிஎஸ் அல்லது நாவிக் தொடர்பு இருந்தால் 2038 நவம்பர் 21 அதிகாலை 5:28. நிஜக் கணினியின் கடிகாரத்தை மாற்றுவதாக இருந்தால் நெட்டைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் என்டிபி வந்து இழுத்துச் சரிசெய்துவிடும், நீங்கள் பாஸ் ஆனதாக நினைத்துக்கொள்வீர்கள். லைசென்ஸ், சான்றிதழ் எல்லாம் காலாவதி என்று கத்தும், அதற்காக நிறுத்தவேண்டாம்.

கணினிப் பக்கம் போகாதவர்களுக்கு ஒன்றே ஒன்று. சிசிடிவியோ வருகைப் பதிவு மெஷினோ வாங்கும்போது, கடையிலேயே தேதி வைக்கும் பக்கத்தைத் திறக்கச் சொல்லி வருடப் பட்டியலைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். 2037இல் நின்றால் வேறு மாடல் கேளுங்கள்.